ஓசூரில் இறங்கியவன்

மிஷின் சொல்வதை நான் அப்படியே நம்புகிறவன் இல்லை. லாரியில் ஆயில் காட்டுகிற முள் எல்லாம் சரி என்றே காட்டிக்கொண்டிருக்கும். இறங்கிப் போய்க் குச்சியை உருவிப் பார்த்தால்தான் உள்ளே இருப்பது ஆயிலா தாரா என்று தெரியும். முள்ளை நம்பி இஞ்சினைத் தொலைத்தவர்கள் எங்கள் சங்ககிரியில் நிறையப் பேர்.

அதனால் கண்ணுப்படச் சட்டம் வந்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஐம்பது தாண்டியவன் லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டுமானால் கண்ணைப் படம் எடுத்துக்கொண்டு வர வேண்டும் என்றார்கள். பார்வை தெரிகிறதா என்று பார்க்கிற படம் இல்லை. கண்ணுக்குள் புகுந்து பின்சுவரைப் படம் பிடித்து, இந்த ஆளுக்கு மறதி நோய் வருமா வராதா என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிற படம்.

நானும் நாச்சிமுத்துவும் ஒன்றாகத்தான் போனோம். எதற்கும் ஒன்றாகத்தான் போவோம். ஒரே லாரிக்கு நாங்கள் இரண்டு டிரைவர். சேலத்து ஜவ்வரிசியை ஏற்றிக்கொண்டு நாக்பூர் போவோம், அங்கே கிடைத்த லோடை ஏற்றிக்கொண்டு திரும்புவோம். ஒருவன் ஓட்டினால் இன்னொருவன் சீட்டுக்குப் பின்னால் இருக்கிற பலகையில் திரையை இழுத்துவிட்டுத் தூங்குவான். நான் அவனிடம் கிளீனராகச் சேர்ந்து பிறகு டிரைவர் ஆனவன். ஸ்டேரிங் பிடித்து எத்தனையோ வருசம் ஆனபிறகும், தரையில் இறங்கிவிட்டால் அவன் வலது பக்கம், நான் இடது பக்கம். அதாவது கிளீனர் சைடு. டீக்கடையில் நின்றாலும் அப்படித்தான், கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தாலும் அப்படித்தான். யாரும் சொல்லிச் செய்ததில்லை.

படம் எடுக்கிற இடத்தில் மோவாயை ஒரு தாங்கியில் வைக்கச் சொன்னார்கள். பச்சையாக ஒரு வெளிச்சம் அடித்தது. முடிந்துவிட்டது. டாக்டரம்மா திரையைத் திருப்பிக் காட்டினாள். செம்மஞ்சள் நிறத்தில் ஒரு நிலா. அதற்குள் சிவப்புக் கோடுகள் பிரிந்து பிரிந்து ஓடின.

"ரோடு மேப்பாட்டம் இருக்குதுங்க. இதுல நாக்பூரு எங்கீங்க?" என்றான் நாச்சிமுத்து.

டாக்டரம்மா சிரித்தாள். சின்ன வயசு. பொறுமையாகச் சொன்னாள்.

"விழித்திரைங்கிறது மூளையோட ஒரு துண்டுங்க ஐயா. வயித்துல குழந்தை உருவாகும்போது மூளையில இருந்து முளைச்சு வெளிய வர்றது. மூளையைப் பாக்கணும்னா மண்டையைத் திறக்கணும். இங்க மட்டும்தான் ஜன்னல் திறந்தே கிடக்குது. மூளையில கசடு சேர ஆரம்பிச்சா இங்கயும் சேரும். நரம்பு அடுக்கு மெலிஞ்சு போகும். ஆளுக்கு ஒன்னும் தெரியாது. ஆனா பத்து வருசம் முன்னாடியே படத்துல தெரிஞ்சிரும்."

"ஆயில் குச்சின்னு சொல்லுங்க" என்றேன்.

"அப்படியே வச்சுக்கலாங்க."

பச்சை என்றால் வராது. மஞ்சள் என்றால் வரும். சிவப்பு என்றால் வந்துகொண்டிருக்கிறது. எனக்குப் பச்சை. "உங்க கண்ணு ரொம்பச் சுத்தமுங்க. கிழடு தட்டினாலும் எல்லாம் ஞாபகம் இருக்கும்" என்றாள், பரிசு கொடுக்கிற மாதிரி. நாச்சிமுத்துவுக்கு மஞ்சள்.

அவன் அந்த நிலாவையே பார்த்துக்கொண்டிருந்தான். டாக்டரம்மா குரலைத் தணித்துக்கொண்டு கேட்டாள்.

"பசங்க இருக்காங்களா? இது வம்சத்துல வர்ற வகைங்க. அவங்களையும் வந்து பாத்துக்கச் சொல்லுங்க."

"எனக்குப் புள்ளை இல்லீங்க" என்றான் நாச்சிமுத்து.

இருந்தாள். இந்துமதி என்று பேர். ஆத்தாள் செத்தபிறகு அவனுடைய அக்கா வீட்டில் வளர்ந்து, படித்து, ஓசூரில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். கூட வேலை பார்த்த அருள்தாஸைத்தான் கட்டிக்கொள்வேன் என்றாள். பையன் எங்கள் சனம் இல்லை. சொந்தக்காரர்கள் கூட்டம் போட்டு நாச்சிமுத்துவை நடுவில் நிறுத்திக் கேட்டார்கள். எனக்குப் புள்ளை இல்லை என்று அவன் சொன்னது அங்கேதான். சொல்லச் சொன்னார்கள், சொன்னான். அதற்கப்புறம் அந்தப் பேச்சு அவன் வாயிலேயே உட்கார்ந்துகொண்டது.

அந்தக் கல்யாணத்தைச் சொல்வதற்கு முன்னால் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். லாரியில் ஸ்டேரிங் மாற்றிக்கொள்ளும்போது, ஓட்டி வந்தவன் அடுத்தவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். பிரேக் எந்தப் பக்கம் இழுக்கிறது, எந்த டயரில் காற்றுக் குறைவு, எங்கே ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். அழகுபடுத்தவும் கூடாது, மறைக்கவும் கூடாது. அந்த இடத்தில் ஒரு பொய் சொன்னால் இரண்டு பேரும் சாக வேண்டியதுதான். எனக்கு அது லாரியோடு நிற்காமல் வீட்டுக்கும் வந்துவிட்டது. குழம்பு நன்றாக இல்லை என்றால் நன்றாக இல்லை என்றுதான் சொல்வேன். அதனால் என் பெண்டாட்டி என்னோடு பேசாமல் இருந்த நாட்கள் உண்டு.

இந்து எனக்குத்தான் போன் பண்ணினாள். "மாமா, ரிஜிஸ்டர் ஆபீஸ்ல சாட்சிக் கையெழுத்துக்கு ஆள் வேணும். நீங்க வர்றீங்களா? அப்பாகிட்டயும் சொல்லுங்க. வந்தா வரட்டும்."

சொன்னேன். அவன் மூட்டைக்கு மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். கயிற்றில் ஒரு முடிச்சு கூடுதலாகப் போட்டான்.

நாக்பூர் போகிற ரோடு ஓசூர் வழியாகத்தான் போகிறது. அன்றைக்குக் காலையில் ஸ்டேரிங்கில் இருந்தவன் அவன். கிருஷ்ணகிரி தாண்டியதும் ஓரங்கட்டினான்.

"நீ ஓட்டு. எனக்குத் தூக்கம் வருது."

அவன் தூங்குகிற நேரம் இல்லை அது. வெயில் ஏறியிருந்தது. இறங்கி மாறும்போது வழக்கப்படி சொன்னான்.

"வண்டி நல்லா இருக்குது. ஓசூர்ல நெரிசல். மெதுவாப் போ."

பலகையில் ஏறிப் படுத்தான். திரையை இழுத்துவிட்டான்.

ஆபீசுக்கு எதிரில் புளியமரத்தடியில் நிறுத்தினேன். இறங்கும்போது கதவைச் சத்தமாகத்தான் சாத்தினேன். உள்ளே இந்து கிளிப்பச்சைச் சேலையில் நின்றாள். மாப்பிள்ளையின் புதுச்சட்டையில் கடைக்காரன் ஒட்டிய தாள் முதுகில் அப்படியே இருந்தது; நான்தான் பிய்த்துப் போட்டேன். மாலை மாற்றினார்கள், கையெழுத்துப் போட்டார்கள், நானும் போட்டேன். போட்டோவுக்கு நிற்கச் சொன்னபோது, எனக்கு இருக்கிற பழக்கத்தில் இடது ஓரமாகப் போய் நின்றேன். வலது ஓரத்தில் ஆள் இல்லை. இந்து ஒரு தடவை வாசலைப் பார்த்தாள். அப்புறம் பார்க்கவில்லை. அப்பா எங்கே என்று கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

பெங்களூர் தாண்டி ஒரு தாபாவில் ஸ்டேரிங் மாற்றினோம். என் முறைக்கு நான் சொன்னேன்.

"பிரேக் சரியா இருக்குது. இடது பின் டயர்ல காத்துக் குறைவு. ஓசூர்ல நிறுத்தினேன். உன்ற புள்ளைக்குக் கல்யாணம் ஆயிருச்சு. நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்."

"காத்துப் புடிச்சுக்கலாம்" என்றான்.

அவ்வளவுதான். கண்ணுப்படம் வருகிறவரை நாங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

படம் எடுத்த அன்றைக்கே அவனுடைய லைசென்ஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். நோய் வருவதற்குப் பத்து வருசம் இருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னாள். ஊர் அதுவரை பொறுக்கவில்லை. கல்யாணத் தரகர்கள் ஜாதகத்தோடு அப்பன் ஆத்தாள் கண்ணுப்படத்தையும் கேட்க ஆரம்பித்தார்கள். சின்னப் பயல்கள் சண்டையில் மஞ்சக்கண்ணா என்று திட்டிக்கொண்டார்கள். நாச்சிமுத்து சாவியைத் தேடினால் அக்கா வீடே திரும்பிப் பார்க்கும். நானும் தினமும் சாவி தேடுகிறவன்தான். என்னை யாரும் பார்ப்பதில்லை. நான் பச்சை.

மறதி வருகிறவர்களுக்கு என்று கம்பெனிகள் கிளம்பின. மறதி உயில் என்று அதற்குப் பேர். ஈரோட்டில் ஒன்றுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனான். டை கட்டிய ஒரு பையன் குளுகுளு அறையில் உட்காரவைத்துப் பேசினான்.

"நீங்க எல்லாம் மறந்ததுக்கு அப்புறம் உங்களுக்கு என்ன ஞாபகம் இருக்கணும்னு இப்பவே சொல்லி வச்சிருங்க சார். உங்க குரல்லயே பதிவு பண்ணிருவோம். காதுக்குள்ள ஒரு சின்ன மிஷின். அது தினமும் உங்களுக்குச் சொல்லிட்டே இருக்கும்."

"நடந்ததைத்தான் சொல்லணுமுங்களா?" என்று கேட்டான் நாச்சிமுத்து.

"அப்படி ஒன்னும் இல்ல சார். நிறையப் பேர் நடக்காததுக்குத்தான் வர்றாங்க. ஒருத்தரு கலெக்டரா இருந்ததா வச்சுக்கிட்டாரு. இப்ப சந்தோசமா இருக்காரு, தினம் எல்லாத்தையும் அதட்டிட்டு."

நாச்சிமுத்து என் பக்கம் திரும்பினான். "நான் பத்து லாரிக்கு ஓனரா இருந்ததா வச்சுக்கட்டுமாடா காளி?"

"வேண்டாம். படுக்கையில கெடந்துட்டு டயரு தேஞ்சு போச்சுன்னு அழுவே."

பையன் இதையும் சிரிக்காமல் கேட்டுக்கொண்டான். யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்து வந்துவிட்டோம். எதிரில் இருந்த டீக்கடையில் நின்றோம். அவன் வலது பக்கம். டம்ளரை ஆற்றிக்கொண்டே இருந்தான், டீ ஆறிப்போன பிறகும்.

"மிஷினு சொன்னா நான் நம்பமாட்டேன் காளி. என்ற குரல்ல சொன்னாச் சுத்தமா நம்பமாட்டேன். என்ற புளுகு எனக்குத் தெரியாதா? நீ சொன்னா நம்புவேன்."

"என்ன சொல்லணும்?"

"அன்னைக்கு ஓசூர்ல நான் தூங்கல."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"தூங்கினா நீ கொறட்டை விடுவே."

"நீ கதவைச் சாத்தினதும் எந்திரிச்சு உக்காந்தேன். திரையை வெலக்குனா ஆபீஸ் வாசல் நேரா தெரியுது. நீ உள்ள போறது தெரியுது. கதவுல கை வச்சுட்டேன். கால் இறங்கலைடா. யாரோ கால்ல கல்லு கட்டின மாதிரி. நீ திரும்பி வர்றதைப் பாத்துட்டு மறுபடி படுத்துட்டேன்." டீயை ஒரே மடக்கில் குடித்தான். "எனக்கு எல்லாம் போயிருச்சுன்னா, ஒன்னே ஒன்னு சொல்லு. அன்னைக்கு நான் இறங்கினேன்னு சொல்லு."

"அவ ஓசூர்லதான இருக்கறா. இப்பவே பஸ் ஏறிப் போய்ப் பாரேன். பொய் எதுக்கு?"

"போனேன்."

"எப்ப?"

"லைசென்ஸ் போச்சே, அதுக்கு அடுத்த வாரம். அவ தெருமுனை வரைக்கும் போனேன். அப்புறம் நெனச்சேன். இத்தனை நாள் வராதவன் மஞ்சக்கண்ணோட வந்து நின்னா அவ என்ன நெனப்பா? தன்னைப் பாத்துக்கறதுக்கு ஆள் தேடி வந்திருக்கான்னு நெனப்பா. திரும்பிட்டேன்."

அந்தப் படத்தின் மேல் எனக்கு உண்மையான கோபம் வந்தது அப்போதுதான். மறதி வருவதற்குள் ஒரு மனுசன் செய்திருக்கக்கூடிய ஒரே நல்ல காரியத்தையும் அது முந்திக்கொண்டு தடுத்துவிட்டது.

"மாத்திக் குடுக்கற எடத்துல என்னைப் பொய் சொல்லச் சொல்றே" என்றேன்.

"ஓட்டப்போறவனுக்குத்தாண்டா பொய் சொல்லக்கூடாது. நான் படுக்கப்போறவன். படுக்கறவனுக்கு ஒரு பொய் சொன்னா வண்டி கவுந்துராது."

நான் ஆகட்டும் என்றேன்.

அதன்பிறகு நான் வேறு ஆளோடு கொஞ்ச நாள் ஓட்டினேன். புது ஆள் காதில் எதையோ மாட்டிக்கொண்டு தூங்குவான், எழுந்து எதுவும் கேட்காமல் ஸ்டேரிங்கைப் பிடிப்பான். பிறகு ஆளே இல்லாத லாரிகள் வந்தன. நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நாச்சிமுத்துவுக்குப் படம் சொன்ன மாதிரியேதான் வந்தது. முதலில் ஊர்ப்பெயர்கள் போயின. பிறகு ஆட்கள். அக்காவும் போய்ச் சேர்ந்ததும், லாரிக்காரர்கள் சேர்ந்து பைபாஸ் ஓரத்தில் நடத்துகிற இல்லத்தில் அவனைச் சேர்த்தோம். மறதி வந்த டிரைவர்கள் பத்துப் பதினைந்து பேர் அங்கே இருந்தார்கள். காலையில் வராந்தாவில் ரோட்டைப் பார்த்து நாற்காலி போட்டுவிடுவார்கள். லாரி போகப் போகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். டிரைவர் சீட்டு காலியாகப் போகிறது என்று ஒருத்தருக்கும் படவில்லை. சிலர் கை காட்டுவார்கள்.

நான் தினமும் போவேன். நாக்பூருக்கு முன்னால் வருகிற ஹிங்கன்காட் தாபாவில் பருப்போடு தருகிற பச்சை வெங்காயம், மழையில் நின்றுபோன வைப்பரை இரண்டு பக்கமும் கயிறு கட்டி ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டே ஒரு காட்டைத் தாண்டினது, ஆரஞ்சு லோடு ஏற்றி வந்தால் மூன்று நாளைக்குத் துணியெல்லாம் ஆரஞ்சாக மணப்பது என்று ஒவ்வொன்றாகச் சொல்வேன். அந்த மணத்தைச் சொன்னால் மூக்கை உறிஞ்சுவான். அவனிடம் அது எங்கேயோ இருந்தது.

ஒரு நாள் அவனாகவே கேட்டான்.

"காளி, இந்து கல்யாணத்துக்கு நான் போனனா?"

நேரம் வந்துவிட்டது என்று தெரிந்தது. சொல்ல வாய் வரவில்லை. அது அவன் கல்யாணம் இல்லை, என் கல்யாணமும் இல்லை. அவள் கல்யாணத்தில் ஒரு ஆளைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டுமானால் அவளைத்தான் கேட்க வேண்டும். "சாப்பிடு" என்று பேச்சை மாற்றிவிட்டு, மறுநாள் ஓசூருக்கு பஸ் ஏறினேன்.

இந்துவுக்குத் தலை நரைக்க ஆரம்பித்திருந்தது. அருள்தாஸ் வேலைக்குப் போயிருந்தான். காபி கொடுத்தாள். அப்பாவைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. நான் வந்த விசயத்தைச் சொன்னேன். எதையும் விடாமல் சொன்னேன், கிருஷ்ணகிரியில் அவன் ஓரங்கட்டியதிலிருந்து.

கேட்டுக்கொண்டே வந்தவள் கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

"வெளிய இருந்தாரா?"

"லாரியிலதான் இருந்தாப்ல."

"தூங்கிட்டா?"

"முழிச்சுட்டு."

"அன்னைக்கு நான் வாசலைப் பாத்தேன் மாமா. புளியமரம் தெரிஞ்சுது, உங்க லாரி தெரிஞ்சுது. லாரியைப் பாத்துட்டு, அப்பா வர்றதா இருந்தா இதுலதான வந்திருப்பாருன்னு நெனச்சேன்." குரல் உயரவில்லை. "லாரியை விட்டு இறங்க ரெண்டு படி. ரெண்டே படி. வராத ஆளு வேற மாமா. வந்துட்டு இறங்காத ஆளு வேற. நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம்."

"நீ கேக்கல. அதனால சொல்லல. இப்பச் சொல்லாம எப்படி உன்னைக் கேக்கறது?"

"மெதுவாப் போன்னு வேற உங்ககிட்டச் சொன்னாரா?"

"சொன்னாப்ல."

முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "சொல்லக்கூடாது" என்றாள். "மறந்தா மறந்துட்டுப் போகட்டும். அதுல எனக்கு ஒன்னும் இல்ல. ஆனா இறங்கினதா நெனச்சுட்டுப் போகக்கூடாது. அவரு அங்க நிம்மதியா இருக்கணும், நான் மட்டும் அந்த வாசலைப் பாத்துட்டே இருக்கணுமா? அது என்ற கல்யாணம் மாமா. அதுல அவருக்கு எடம் இல்ல."

நியாயம் அவள் பக்கம்தான். சொல்லமாட்டேன் என்று அவளிடம் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன்.

அதிலிருந்து அவன் தினமும் கேட்டான். இந்து கல்யாணத்துக்கு நான் போனனா. கேட்டதை மறந்துவிட்டு மறுபடி கேட்பான். மற்றதெல்லாம் உதிர உதிர அந்தக் கேள்வி மட்டும் நின்றது. நான் மழையைப் பற்றிப் பேசுவேன், டயரைப் பற்றிப் பேசுவேன். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவனுக்குக் கொடுத்த வாக்கும் அவளுக்குக் கொடுத்த வாக்கும் இரண்டு பக்கமும் இழுத்தன.

மழைக்காலம் முடிந்து ஒரு நாள் முற்பகலில் இல்லத்துக்குப் போனபோது, வராந்தாவில் அவனுக்குப் பக்கத்து நாற்காலியில் இந்து உட்கார்ந்திருந்தாள். நான் படியிலேயே நின்றுவிட்டேன்.

"வாடா காளி" என்றான் நாச்சிமுத்து. என்னை அவனுக்கு அப்போதும் தெரிந்தது. "இந்த அம்மணி கண்ணு பாக்கற எடத்துல இருந்து வந்திருக்குது."

"ஆமாங்க" என்றாள் இந்து. "கண்ணுதான் பாக்க வந்தேன்."

நான் அவனுக்கு இடது பக்கம் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் மூன்று பேரும் ரோட்டைப் பார்த்தோம். ஒரு டேங்கர் போனது. நாச்சிமுத்து கை காட்டினான். காட்டிவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"காளி, இந்து கல்யாணத்துக்கு நான் போனனா?"

நான் அவளைப் பார்த்தேன். அவள் ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"சொல்லுங்க மாமா" என்றாள்.

என் காதையே நான் நம்பவில்லை. சொல்லுங்கள் என்று அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

அதுவரை நான் அவனிடம் ஒரு பொய் சொன்னதில்லை. எப்படித் தொடங்குவது என்றே தெரியவில்லை. தெரிந்த மாதிரி தொடங்கினேன்.

"ஜவ்வரிசி லோடு. கிருஷ்ணகிரி தாண்டி ஸ்டேரிங் மாத்தினோம். ஓசூர்ல ஒரு புளியமரத்துக்கு அடியில நிறுத்தினேன். நான் இறங்கினேன். நீயும் இறங்கினே."

"இறங்கினனா?"

"இறங்கினே. ரெண்டு பேரும் உள்ள போனோம். இந்து கிளிப்பச்சைச் சேலை கட்டியிருந்தா. மாப்பிள்ளை சட்டை முதுகுல கடைக்காரன் தாளு ஒட்டியிருந்துது. நீதான் பிச்சுப் போட்டே."

அவன் சிரித்தான். விரலால் எதையோ பிய்க்கிற மாதிரி செய்தான். எனக்குத் தைரியம் வந்தது. என் கண்ணில் இருந்ததையெல்லாம் எடுத்து அவன் கண்ணில் வைத்துக்கொண்டே போனேன். மாலை, கையெழுத்து, மை காயட்டும் என்று ஊதியது.

"அப்புறம் போட்டோ எடுத்தாங்க. நீ கிளீனர் சைடுல நின்னே."

சிரிப்பு நின்றது. புருவத்தைச் சுருக்கினான்.

"கிளீனர் சைடா?"

சொன்னபிறகுதான் எனக்கு உறைத்தது.

"நான் எதுக்குடா கிளீனர் சைடுல நிக்கறேன்? அது நீ நிக்கற எடம்." என்னை உற்றுப் பார்த்தான். ஊர்ப்பெயர் போயிருந்தது, அக்கா பெயர் போயிருந்தது, இது போகவில்லை. "நீ நின்னதை எனக்குச் சொல்றயா காளி? நான் நிக்கலையா?"

ஆயுசில் ஒரே ஒரு பொய். அதையும் ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை.

"மாமா மாத்திச் சொல்றாருங்க" என்றாள் இந்து. இப்போது அவன் பக்கம் நேராகத் திரும்பியிருந்தாள். "கிளீனர் சைடுல நின்னது அவரு. நீங்க அந்தப் பக்கம், டிரைவர் சைடுல நின்னீங்க. நான் பாத்தேன்."

"நீ வந்திருந்தியா அம்மணி?"

"வந்திருந்தேனுங்க."

"நான் ஏதாச்சும் சொன்னனா?"

அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள்.

"போகும்போது பொண்ணுகிட்டயும் மாப்பிள்ளைகிட்டயும் சொன்னீங்க. மெதுவாப் போங்கன்னு."

நாச்சிமுத்து தலையை ஆட்டிக்கொண்டான். ஒரு தடவை, இன்னொரு தடவை. "ஆமா" என்றான். "அதைத்தான் சொல்லியிருப்பேன்." அப்புறம் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டான். கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது. அது நிஜமான தூக்கம்.

வெளிக்கேட் வரைக்கும் இந்துவோடு நடந்தேன். பஸ் வர நேரம் இருந்தது. வேண்டாம் என்று அவ்வளவு உறுதியாகச் சொன்னவள் ஏன் வந்தாள் என்று கேட்டேன். எனக்குச் சுற்றி வளைத்துக் கேட்கத் தெரியாது.

"எனக்கும் படம் எடுத்தாங்க மாமா" என்றாள். "மஞ்சள்."

பஸ் வருகிற பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"வேண்டாம்னு சொன்னப்ப, நான் எப்பவும் மறக்கமாட்டேன்னு நெனச்சுட்டு இருந்தேன். அதனால கோவமா இருக்க முடிஞ்சுது. இப்ப டாக்டர் சொல்றாங்க, ஆழமாப் பதிஞ்சதுதான் கடைசியில போகுமாம். அருள் முகம் மறந்து போகும், என்ற பொண்ணு முகம் மறந்து போகும், அந்த வாசல் மட்டும் நிக்குமாட்ட இருக்குது. வேற ஒன்னும் இல்லாம அதை மட்டும் பாத்துட்டு உக்காந்திருக்க நான் மாட்டேன்." தூரத்தில் பஸ் தெரிந்தது. "எனக்கும் அப்படியே சொல்லச் சொல்லியிருக்கேன். அப்பா இறங்கி வந்தாரு, டிரைவர் சைடுல நின்னாருன்னு. பொண்ணு சொல்லுவா. அவளுக்கு அப்படித்தான் சொல்லி வச்சிருக்கேன், நடந்ததாவே."

"அவகிட்டயுமா?"

"நான் சொன்னா அவ நம்புவா."

பஸ்ஸில் ஏறினாள். இரண்டு படி. ஏறி நின்று திரும்பிப் பார்த்தாள். "நீங்க யார்கிட்டயும் சொல்லிராதீங்க மாமா" என்றாள். மெதுவாகப் போ என்றேன். அவளா ஓட்டுகிறாள், இருந்தாலும் சொன்னேன்.

நாச்சிமுத்து அந்தத் தை மாதம் போய்விட்டான். கல்யாணத்துக்குப் போய்வந்தவனாகத்தான் போனான். சாவுக்கு இந்து வந்திருந்தாள், மகளோடு. அந்தப் பெண் என்னிடம் வந்து, "தாத்தா ஓசூருக்கு வந்தப்ப அம்மா எந்தக் கலர்ல சேலை கட்டியிருந்தாங்க?" என்று ஆசையாகக் கேட்டது. கிளிப்பச்சை என்றேன்.

போன மாதம் என்னை மறுபடி படம் எடுத்தார்கள். இன்னும் பச்சைதான். சுத்தமாக இருக்கிறதாம். மிஷினை நான் நம்புகிறவன் இல்லை, ஆனாலும் இதில் அது தப்பாகச் சொல்லவில்லை என்று தெரிகிறது. எனக்கு எல்லாம் இருக்கிறது. புளியமரம் இருக்கிறது. நான் சாத்திய கதவுச் சத்தம் இருக்கிறது. திரைக்குப் பின்னால் குறட்டை விடாமல் படுத்திருந்த ஒருத்தனும் இருக்கிறான், கதவில் கை வைத்துவிட்டு இறங்க முடியாதவன்.

இறங்கினவனை அவர்கள் எல்லோரும் சேர்ந்து வைத்துக்கொண்டார்கள். நல்லதுதான். என்னோடு நாக்பூர் வரைக்கும் ஓட்டி வந்தவன் இவன். இவனையும் யாராவது வைத்துக்கொள்ள வேண்டுமே.